டொராண்டோவில் பிள்ளைகளோடு குடியேற எந்த ஏரியா நல்லது? ஸ்கார்பரோவா, மார்க்கமா, பிராம்ப்டனா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: கோவையிலிருந்து பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விசாவில் ஜனவரியில் இறங்குகிறீர்கள், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கணவன் மனைவி இருவரும் வேலை தேடப் போகிறீர்கள். கார் கிடையாது, சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். அது தப்பென்றால் கீழே உள்ளதில் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் "ஏரியா" என்ற சொல்லை விடுங்கள். மார்க்கமும் பிராம்ப்டனும் டொராண்டோவுக்கு வெளியே தனி நகரங்கள். ஸ்கார்பரோ டொராண்டோவுக்குள்ளேயே கிழக்கில் இருப்பது, ஆனால் அதுவும் ஒரு ஏரியா அல்ல, ஒரு பெரிய ஊர். அதற்குள் மால்வர்ன் வேறு, அஜின்கோர்ட் வேறு, ஏரிக்கரையை ஒட்டிய கில்ட்வுட் வேறு. இங்குள்ளவர்கள் இடத்தைச் சொல்வதே சந்திப்பை வைத்துத்தான்: "மார்க்கம் - லாரன்ஸ்", "மார்க்கம் - ஸ்டீல்ஸ்" (இங்கே மார்க்கம் என்பது ஊர் அல்ல, அதே பெயருள்ள சாலை). நீங்கள் தேட வேண்டியது ஒரு முகவரியை. அந்த முகவரியைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: மாலை 3:15க்குப் பள்ளி விட்டதும் நாலு வயதுப் பிள்ளையை யார் கூட்டி வருவது, எப்படி?

சிரிக்காதீர்கள். இங்கே தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் காலை 8:30 - 9 வாக்கில் தொடங்கி மூன்று, மூன்றரைக்கு முடிந்துவிடும். டவுன்டவுனில் அலுவலகம் என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பி வீடு சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் குடும்பத்தை ஆட்டி வைக்கும். பல பள்ளிகளிலேயே பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆறு மணியைத் தாண்டினால் நிமிடக் கணக்கில் அபராதம் போடுவார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அரசின் மானியத் திட்டத்தில் சேர்ந்த மையம் என்றால், 2025 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் 22 டாலர். சின்னவனுக்கு இது பொருந்தும், பெரியவளுக்குப் பொருந்தாது. (யார் மகன், யார் மகள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன்.) ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் முன் பள்ளிக்கு போன் போட்டுக் கேளுங்கள்: மாலைப் பராமரிப்பு பள்ளிக் கட்டடத்திலேயே இருக்கிறதா, ஜூனியர் கிண்டர்கார்டனில் (ஜே.கே., நம் எல்.கே.ஜி. மாதிரி) இடம் உண்டா, நாலாம் வகுப்பில் உண்டா? பதில் வந்த பிறகு வீட்டுக்காரருக்கு போன் போடலாம்.

வகுப்பு விஷயத்தில் நம் ஆட்கள் குழம்புவது இங்கேதான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளை பிறந்த ஆண்டுதான் கணக்கு, ஜூன் மாதக் கணக்கெல்லாம் கிடையாது. எந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பிள்ளைக்கு நாலு முடிகிறதோ, அந்த ஆண்டு செப்டம்பரில் ஜே.கே. ஒன்பது முடிகிற ஆண்டின் செப்டம்பரில் நாலாம் வகுப்பு. கோவையில் மூன்றாம் வகுப்பு படித்தாலும் இங்கே நாலில்தான் உட்கார வைப்பார்கள், பதற வேண்டாம்.

பள்ளியை முடிவு செய்வது முகவரி. அந்த ஊரின் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணோடு முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். தெருப் பெயரை மட்டும் போட்டு ஏமாறாதீர்கள், எல்லைக் கோடு ஒரே தெருவை நடுவில் வெட்டிக்கொண்டு போகும். தொடக்கப் பள்ளி, ஏழு-எட்டுக்கு வேறு பள்ளி இருந்தால் அது, ஒன்பதிலிருந்து உயர்நிலைப் பள்ளி என்று எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொது வாரியத்தைப் போல, தனியாக இருக்கும் கத்தோலிக்க வாரியமும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது, ஆனால் தொடக்க வகுப்புகளுக்குப் பொதுவாக ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள்.

ஸ்டீல்ஸ் அவென்யூ இந்தக் கதையில் முக்கியமான சாலை. அதன் தெற்குப் பக்கம் டொராண்டோ, வடக்கே மார்க்கம். சாலையைக் கடந்தால் பள்ளி வாரியம் மாறும், அஞ்சல் குறியீட்டின் முதல் எழுத்து 'எம்' என்பது 'எல்' ஆகும், உள்ளூர் பஸ் கம்பெனி மாறும். நாளைக்கு வீடு வாங்கினால் டொராண்டோவில் மாகாணத்தின் நில மாற்று வரியோடு நகரத்தின் வரியும் தனியாக உண்டு, மார்க்கமில் அந்த இரண்டாவது வரி இல்லை. ஆனால் தமிழ்க் கடை, தமிழ் டாக்டர் என்று பார்த்தால் மார்க்கம் - ஸ்டீல்ஸ் சந்திப்பில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வடக்கே ஒரு தெருவுக்கு வன்னி அவென்யூ என்றே பெயர். கடைகள், கோயில்கள், தமிழ் வகுப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஈழத் தமிழர்கள் உருவாக்கியவை, நாம் அனுபவிக்கிறோம். அங்கே போய் "இது என்ன தமிழ்" என்று மூஞ்சியைச் சுளிக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் சிலர் உண்டு. தயவு செய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். பள்ளி வாரியங்களே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகின்றன.

இனி தரவரிசை. "இந்தப் பள்ளி 9.1, அந்தப் பள்ளி 5.8" என்று வீட்டுத் தரகர்கள் சொல்வார்கள். அந்த மதிப்பெண், தொடக்கப் பள்ளிக்கு, மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் மாகாணம் நடத்தும் தேர்விலிருந்து பிழிந்தது. பெற்றோரின் வருமானமும் டியூஷனும் அதில் கலந்திருக்கும். ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது அதில் தெரியாது. புதிதாக வந்த பிள்ளைக்குத் தேவை ஆங்கில உதவி வகுப்பு, புதுக் குடும்பங்களுக்கென்று பள்ளிக்கு வரும் குடியேற்ற உதவியாளர். இவை அதிகம் கிடைப்பது குடியேறிகள் நிறைந்த, மதிப்பெண் குறைவான பள்ளிகளில்தான். தரகர்கள் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை.

நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிக்குப் பின்னால் மைதானத்தில் பெட்டி பெட்டியாக தற்காலிக வகுப்பறைகள் நிற்கும், போர்ட்டபிள் என்பார்கள். இரண்டு மூன்று சகஜம். எட்டு, பத்து என்றால் பள்ளி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளின் முகப்பில் கல்வி வாரியத்தின் பலகை ஒன்று இருக்கும். பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்ப நேரலாம் என்று அதில் எழுதியிருக்கும். பளபளக்கும் புது வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளி தெரியும், பிள்ளை போவது மூன்று கிலோமீட்டர் தள்ளி. பிராம்ப்டனின் வடக்கு ஓரங்களிலும் மார்க்கமின் புதுப் பகுதிகளிலும் இந்தப் பலகையைத் தேடிப் படியுங்கள்.

தூரம் என்றதும் கூகுள் மேப்பில் "12 நிமிடம்" என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது ஜூலை மாத நடை. ஜனவரியில் மைனஸ் 12ல், பனி வாராத நடைபாதையில், நாலு வயதுப் பிள்ளையோடு அதே தூரம் அரை மணி ஆகும். டொராண்டோ பொது வாரியத்தில் ஐந்தாம் வகுப்பு வரை 1.6 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் பள்ளி பஸ். ஆக 1.5 கிலோமீட்டரில் வீடு எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு: பஸ்ஸும் கிடையாது, நடக்கவும் முடியாது. பஸ் கிடைத்தாலும், பெரும்பனி நாளில் பஸ்ஸை ரத்து செய்துவிட்டுப் பள்ளியைத் திறந்தே வைப்பார்கள். அன்று நீங்கள்தான் பஸ். 700, 800 மீட்டருக்குள் பாருங்கள், நடுவில் ஆறு வழிச் சாலை இல்லாமல்.

வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் ரயிலை ஒட்டி இருங்கள். ஸ்கார்பரோவின் பழைய மூன்றாம் எண் ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு மூடப்பட்டுவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து "ஸ்கார்பரோ சென்டரில் ரயில் இருக்கிறது" என்று வந்துவிடாதீர்கள். அங்கிருந்து கென்னடி சப்வே நிலையத்துக்கு பஸ்தான். அதைவிட கோ ரயில் (புறநகர்களை டவுன்டவுனோடு இணைக்கும் ரயில்) நிலையம் பக்கத்தில் இருப்பது மேல்: எக்லின்டன், கில்ட்வுட், ரூஜ் ஹில் ஒரு தடம், அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில் இன்னொரு தடம். பிராம்ப்டனில் பிரமலியா. மிசிசாகா வழியாகப் போகும் மில்டன் தடத்தில் வார நாட்களில் காலை ஒரு திசை, மாலை மறு திசை, அவ்வளவுதான் ரயில். மதியம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ரயில் கிடையாது. 2024 பிப்ரவரியிலிருந்து டி.டி.சி.க்கும் (டொராண்டோவின் நகர பஸ், சப்வே) கோ ரயிலுக்கும் மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லை, அதனால் பஸ் ஏறி ரயில் பிடிப்பது கட்டுப்படியாகும்.

கார் வாங்குவதாக இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த அஞ்சல் குறியீட்டைப் போட்டு இன்ஷூரன்ஸ் விலை கேளுங்கள். ஒரே கார், ஒரே ஓட்டுநர், பிராம்ப்டன் குறியீடு என்றால் தொகை எகிறும். ஸ்கார்பரோவின் சில பகுதிகளும் அப்படியே. பிராம்ப்டன்காரர்கள் அடிக்க வராதீர்கள். பூங்காவும் விசாலமான வீடும் அங்கே அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார் இல்லாமல் முதல் குளிர்காலத்தை அங்கே கழிப்பது கஷ்டம், அவ்வளவுதான் சொல்ல வந்தது.

வீட்டு வகை பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மூன்று வழி உண்டு: பேஸ்மென்ட் (வீட்டின் தரைக்குக் கீழே உள்ள தளம்), தனி ஆள் சொந்தமாக வைத்திருக்கும் காண்டோ ஃப்ளாட், கம்பெனி நடத்தும் பழைய வாடகைக் கட்டடம். பிள்ளைகள் பள்ளியில் நிலைக்க வேண்டும் என்றால் மூன்றாவதுதான் பாதுகாப்பு. காரணம் சட்டத்தில் இருக்கிறது. தனி ஆள் உரிமையாளர் என்றால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு "நானே குடிவரப் போகிறேன்" என்று என்-12 படிவத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். பிப்ரவரியில் வீடு மாறினால் பிள்ளைக்குப் பள்ளியும் மாறலாம். கம்பெனி வந்து உங்கள் ஃப்ளாட்டில் குடியேற முடியாது. அடுத்தது வாடகை உயர்வு: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் உச்சவரம்பு பொருந்தாது. 2026க்கு அந்த வரம்பு 2.1 சதவீதம். புதுக் கட்டடத்தில் வருடத்துக்கு ஒரு முறை, 90 நாள் நோட்டீஸ் கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஜிம்மையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

காசு இல்லை, பேஸ்மென்ட்தான் என்றால் தப்பில்லை. அந்த யூனிட் நகரசபையின் விதிகளின்படி அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். படுக்கையறை ஜன்னலை நீங்களே திறந்து பாருங்கள். தீ பிடித்தால் ஒரு பெரியவர் அதன் வழியே வெளியே வர முடிய வேண்டும். புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். ஹீட்டரின் சுவிட்ச் பெரும்பாலும் மேல் வீட்டில்தான் இருக்கும், அவர்கள் பகலில் குறைத்துவிட்டு வேலைக்குப் போனால் கீழே பிள்ளைகள் நடுங்கும். கரண்ட், தண்ணீர் பில்லில் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேனைப் போட்டுவிட்டு வெளிச்சுவருக்குப் போய்ப் பாருங்கள். காற்று அங்கே வந்தால் சரி. வராவிட்டால் அது புகையை வடிகட்டி உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதும் வகை, கடுகு தாளித்த அன்றே அலாரம் அலறும்.

முன்பணமாகச் சட்டப்படி ஒரு மாத வாடகைதான் கேட்கலாம், அதுவும் கடைசி மாதத்துக்கு மட்டுமே கழியும். சேத டெபாசிட், பின்தேதியிட்ட காசோலை கட்டாயம் என்பதெல்லாம் செல்லாது. "நம்ம ஆளுதானே, ரசீது எதுக்கு" என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். ஒன்டாரியோவின் நிலையான ஒப்பந்தப் படிவம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு முகவரிச் சான்றாகவும் அது உதவும். கோவையில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பவே கூடாது. முதல் மூன்று, நான்கு வாரத்துக்குத் தற்காலிகமாக ஒரு இடம் எடுத்துக்கொண்டு, நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். டொராண்டோ போலீஸ் தன் இணையதளத்தில் பகுதி வாரியாகக் குற்ற வரைபடம் வைத்திருக்கிறது, வாட்ஸ்அப் ஃபார்வர்டை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கார் திருட்டையும் வன்முறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு அந்த பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள், அதுவும் ஒரு சோதனைதான்.

கிளம்பும் முன் ஒன்று. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்டாரியோ பள்ளிகளில் 2010லும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி கட்டாயம், மெனிங்கோகாக்கல் (ஒரு வகை மூளைக்காய்ச்சல்) தடுப்பூசியும் வேண்டும். நம் அரசு அட்டவணையில் இவை இரண்டும் இல்லை, தனியார் குழந்தை மருத்துவர் போட்டிருந்தால்தான் உண்டு. போடாமல் வந்தால் சேர்த்துக்கொள்வார்கள், பிறகு சுகாதாரத் துறையிலிருந்து இடைநீக்கக் கடிதம் வரும். கோவையிலேயே போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

கேட்காத விஷயம் ஒன்று, மன்னிக்கவும்: மிக்ஸியைத் தூக்கி வராதீர்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 750 வாட் மிக்ஸிக்கு அது செங்கல் கனம் வேறு. 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. 23 கிலோ பெட்டியில் அந்த இடத்துக்குப் பிள்ளைகளின் தெர்மல் உள்ளாடையை வையுங்கள். ஸ்னோ பூட்ஸ் மட்டும் இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் விற்பது பனிக்குத் தாங்காது.