வேல்ஸ் அண்டர் 17க்கு விளையாடினா இலங்கைக் கதவு பூட்டுப்படுமோ?

கார்டிஃப்பில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. மகன் 2009 இல அங்கயே பிறந்தவன், ஒரு உதைபந்தாட்டக் கிளப் அக்கடமியில மிட்ஃபீல்ட் விளையாடுறான், வேல்ஸ் அண்டர் 17 காம்புக்குக் கடிதம் வந்திருக்கு. தெரிஞ்சவர் ஒராள் வீட்டுக்கு வந்து, ஒரு மச் விளையாடினாலே பிறகு ஆயுளுக்கும் இலங்கைக்கு விளையாடேலாது, 3500 பவுண் தந்தா இலங்கைப் பாஸ்போட்டும் ஃபீஃபா கிளியரன்ஸும் எடுத்துத் தாறன், அப்பப்பாவின்ர பிறப்புப் பத்திரம் இல்லாட்டியும் "செய்விக்கலாம்" எண்டிருக்கிறார். காம்புக்கு அனுப்பவோ விடவோ எண்டுதான் கேள்வி.

அக்கா, பிள்ளையைக் காம்புக்கு அனுப்புங்கோ. காசைக் குடுக்காதேங்கோ. மிச்சத்தை ஆறுதலா வாசியுங்கோ.

காம்புக்குப் போறதையும் சிநேகபூர்வ மச் விளையாடுறதையும் ஃபீஃபா கணக்கிலயே எடுக்காது. யூரோ (ஐரோப்பியக் கிண்ணம்) அண்டர் 17 குவாலிஃபையர் (தகுதிச் சுற்று) மாதிரி உத்தியோகபூர்வ போட்டியில கால் வைச்சாத்தான் பிள்ளை வேல்ஸ் கணக்கில விழுவான், ஆனா அப்பவும் கதவு சாத்திக் கொளுக்கி போட்ட மாதிரித்தான், பூட்டுப் போட்ட மாதிரி இல்லை, விண்ணப்பிச்சு ஒருக்கா மாறலாம். முசியாலாவைப் பாருங்கோவன், அவனும் மிட்ஃபீல்ட்தான். ஸ்ருட்கார்ட்டில 2003 இல பிறந்து, ஏழு வயசில இங்கிலாந்துக்கு வந்து, செல்சி அக்கடமியில வளந்து, 2020 நவம்பரில இங்கிலாந்து அண்டர் 21க்கு யூரோ குவாலிஃபையர் விளையாடி அல்பேனியாவுக்குக் கோலும் அடிச்சவன், நாலு மாசம் கழிச்சு 2021 மார்ச்சில ஜேர்மனி சீனியர் ரீமில நிண்டான். எங்கட பக்கத்து நாட்டில ஹம்ஸா சவுத்ரி. லெஸ்டரில வளந்த மிட்ஃபீல்டர், இங்கிலாந்து அண்டர் 21க்கு விளையாடினவர், தாய் வழியில பங்களாதேஷ். 2024 இல பாஸ்போட் எடுத்தார், அந்த வருசம் டிசம்பரில ஃபீஃபா ஓம் எண்டது, 2025 மார்ச் 25 ஷில்லாங்கில இந்தியாவுக்கு எதிரா முதல் மச், 0-0.

சீனியர் ரீம் வேற கதை. அங்க 21 வயசுக்கு முந்தி கூடினது மூண்டு மச், பிறகு மூண்டு வருச இடைவெளி, உலகக்கிண்ணம் யூரோ மாதிரிப் பெரிய போட்டியின்ர இறுதிச் சுற்றில நிண்டிருக்கவே கூடாது எண்டு கனக்க நிபந்தனை. முனிர் எல் ஹட்டாடி 2014 செப்டெம்பரில ஸ்பெயினுக்கு ஒரு யூரோ குவாலிஃபையரில கடைசிக் கொஞ்ச நிமிசம் இறங்கினதுக்கு மொரோக்கோவுக்கு விளையாட 2021 மட்டும் காத்திருந்தவர், அதுகும் 2020 இல சட்டத்தை இளக்கினபடியால். உங்கட பிள்ளைக்கு இண்டைக்கு இது தலையிடி இல்லை, விடுங்கோ.

தலையிடி எங்கயெண்டா திகதியில. இதை மட்டும் ரெண்டு தரம் வாசியுங்கோ. வேல்ஸுக்கு முதல் உத்தியோகபூர்வ மச் விளையாடுற அண்டைக்கு பிள்ளை இலங்கைக் குடிமகனா இருந்தவனோ இல்லையோ எண்டுதான் ஃபீஃபா கேக்கும். இருந்தவன் எண்டா, சீனியர் ரீமுக்கு இறங்காத வரைக்கும் 25 வயசிலயும் மாறலாம். இல்லையெண்டா, வேல்ஸுக்கு விளையாடின கடைசி உத்தியோகபூர்வ மச் 21 வயசுக்கு முந்தினதா இருக்கோணும். அப்ப அண்டர் 21 ரீமில 22 வயசில ஒரு குவாலிஃபையர் விளையாடினா (அந்த ரீமில 22 வயசுப் பெடியளும் நிப்பினம், பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ) அந்த வழி போச்சு.

இங்கதான் உங்கட கடிதத்தில நீங்கள் போற போக்கில எழுதின ஒரு வரி முக்கியம்: நீங்கள் 2007 இல பிரிட்டிஷ் சிற்றிசன் எடுத்தனீங்கள், பிள்ளையின்ர தகப்பன் 2011 இல எடுத்தவர். சாதாரணமா வேற நாட்டுச் சிற்றிசன் எடுத்த உடன இலங்கைக் குடியுரிமை விழுந்துபோம், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிச்சாத்தான் நிக்கும். அப்ப பிள்ளை பிறந்த 2009 இல உங்களுக்கு அது இல்லை, ஆனா அவருக்கு இருந்தது. தகப்பன் குடிமகனா இருக்கேக்க வெளிநாட்டில பிறந்த பிள்ளையை வம்சாவளிக் குடிமகனாப் பதியலாம். ஒரு வருசத்துக்குள்ள பதியோணும் எண்டதுதான் சட்டம், பிந்தினாலும் தண்டம் கட்டிப் பதிய வழியிருக்கு. அவரும் 2008 இல எடுத்திருந்தா இந்த வழியே இல்லை, முதல்ல நீங்கள் இரட்டைக் குடியுரிமை எடுத்துத்தான் பிள்ளைக்கு வரோணும். ஒரே வீடு, ஒரே பிள்ளை, மூண்டு வருச வித்தியாசத்தில கதையே மாறுது. அதால பிள்ளை முதல் குவாலிஃபையர் விளையாட முந்தி லண்டன் இலங்கை ஹைகமிஷனில பதிவை முடியுங்கோ, பிறகு ஒருத்தரும் வாதாடேலாது. பாஸ்போட் பிறகு எடுக்கலாம், அது சாட்சி மட்டும்தான், குடியுரிமை வேற.

இனி அந்த ஆள். அப்பப்பாவின்ர பத்திரம் என்னத்துக்கு? தாய் தகப்பன் ரெண்டு பேரும் சாவகச்சேரியில பிறந்தவையெண்டு எழுதியிருக்கிறீங்கள், உங்கட பிறப்புப் பத்திரமே காணும், பிரதேச செயலகத்தில சின்னக் காசுக்கு எடுக்கலாம். தேவையில்லாத கடுதாசியைத் தேவையெண்டு சொல்லி, பிறகு அதைத் தானே "செய்விச்சு" விக்கிறது பழைய வியாபாரம். மலேசியாவுக்கு நடந்தது தெரியுமோ? 2025 ஜூனில வியட்நாமை 4-0 எண்டு வெண்டிச்சினம், ஊரே வெடி கொளுத்தினது. பிறகு ஃபீஃபா சொல்லிச்சு, ஏழு வீரர்களின்ர பாட்டன் பாட்டி மலேசியாவில பிறந்தவையெண்டு குடுத்த பத்திரம் பொய், உண்மையில ஆர்ஜென்ரீனா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்தில பிறந்தவை எண்டு. மலேசியச் சம்மேளனத்துக்கு 350,000 சுவிஸ் பிராங் தண்டம், ஏழு பேருக்கும் 12 மாசத் தடை. அதில ஹெவல் எண்டவரும் மிட்ஃபீல்டர்தான். தடை விழுந்தது விளையாடின பெடியளின்ர பேரிலதான்.

ஃபீஃபா கிளியரன்ஸ் எடுத்துத் தாறன் எண்டதும் புளுகு. அந்த விண்ணப்பத்தைப் போடுறது பிள்ளை போக விரும்புற நாட்டின்ர சம்மேளனம், ஏஜென்றுமில்லை, தெரிஞ்ச மாமாவுமில்லை. விண்ணப்பம் கிடக்கிற காலத்தில பிள்ளை ரெண்டு பக்கமும் விளையாடேலாது எண்டதை எந்த புரோக்கராவது சொன்னதைக் கேட்டிருக்கிறீங்களோ? அதோட 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையோட தாய் தகப்பன்ர எழுத்து அனுமதி இல்லாம ஏஜென்ற் கதைக்கவே கூடாது, லைசன்ஸ் இருக்கோ எண்டு ஃபீஃபா சைற்றில பேரைத் தட்டினா ரெண்டு நிமிசத்தில தெரியும்.

உண்மையைச் சொன்னா எனக்கு ஃபீஃபா மேலயும் கோபம்தான். ஒரு தாய்க்கு விளங்கிற மாதிரி ஒரு பக்கம் எழுத ஏலாதோ? எல்லாம் உப பிரிவுக்குள்ள உப பிரிவு. இலங்கைச் சம்மேளனம் இன்னொரு கூத்து, 2023 ஜனவரியில இருந்து ஓகஸ்ட் மட்டும் ஃபீஃபாவாலயே தடை. உந்த இடைவெளிக்குள்ளதான் புரோக்கர்மார் கடை விரிக்கினம்.

விமல் யோகநாதனைப் பற்றியும் கேட்டிருந்தீங்கள். வேல்ஸில பிறந்த எங்கட பெடியன், லிவர்பூல் அக்கடமியால போய் பான்ஸ்லி முதல் ரீமில 2024 இல இறங்கினவன், வேல்ஸ் இளையோர் ரீம்களுக்கும் விளையாடினவன். 16 வயசில மிட்ஃபீல்டருக்கு நல்ல கோச்சும் இறுக்கமான மச்சும்தான் வேணும், அது இப்ப கார்டிஃப்பில கிடைக்குது.

ஹைகமிஷனுக்குப் போகேக்க தகப்பன்ர சிற்றிசன் சேர்ட்டிபிக்கேற்றின்ர ஒறிஜினலைக் கொண்டு போங்கோ, கொப்பி காணாது. 2011 எண்ட அந்தத் திகதியிலதான் எல்லாம் நிக்குது.