காவல் இருக்கும் புரதம்

வணக்கம் சேர். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ‘டெட் எண்ட்’ என்ற புரதம் இல்லாவிட்டால் சீப்ரா மீன் மலடாகிவிடும் என்று வாசித்தேன். அப்படியென்றால் மூலவுயிர்க் கலங்களை, அதாவது பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் கலங்களை, அதுதானே உருவாக்குகிறது? ‘தோட்டத்துப் பிள்ளைக்கு மீன் முளையம் எதற்கு, நர்சிங் படி’ என்கிறார் மாமா. அவருக்கு என்ன சொல்ல?

அன்புள்ள மகளுக்கு,

மாமாவுக்கு ஒன்று சொல்லலாம். இந்தப் புரதத்துக்கான மரபணுவை முடக்கி, மூலவுயிர்க் கலமே இல்லாத சால்மன் மீன்களை நோர்வேயில் வளர்த்திருக்கிறார்கள். பண்ணையிலிருந்து தப்பினாலும் ஆற்று மீன்களோடு இனம் கலக்காது. அவருக்கு இது போதும்.

உன்னிடம்தான் சண்டை. ‘உருவாக்குகிறது’ என்று எப்படி எழுதினாய்? கலங்களை ஒதுக்கி வைப்பது தாய் மீன். நானோஸ் போன்ற மரபணுக்களின் ஆர்.என்.ஏ. செய்திகளை, அதாவது புரதம் செய்யும் குறிப்புகளை, முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. முளையம் தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்கியதும் மிர்-430 என்ற குட்டி ஆர்.என்.ஏ. பெருகி, தாய் தந்த பல செய்திகளைத் துடைக்கிறது. துடைக்கத்தான் வேண்டும். தாய் ஒதுக்கிய அந்தச் சில மூலவுயிர்க் கலங்களில் மட்டும் டெட் எண்ட் நானோஸ் செய்தியில் ஒட்டிக்கொண்டு, மிர்-430 பிடிக்கும் இடத்தை மறைத்துவிடுகிறது. 2007இல் இது தெரியவந்தது. புரதம் இல்லாவிட்டாலும் கலங்கள் தோன்றும். ஆனால் பெண்ணின் சூலகமோ ஆணின் விதையோ வளரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராமல் அழியும். சில கலங்கள் தசை, நரம்பு என்று உடற்கலமாகவே மாறிவிடுவதை 2017இல் காட்டினார்கள். பிறப்பிப்பது ஒன்று, பிறந்ததைத் தடம் மாறாமல் காப்பது வேறொன்று. இதை இன்னொருமுறை வாசி.

என் அம்மா தோட்டத்து நேசரியில், நாற்றுமேடையில், வி.பி. கன்றுக்கு, அதாவது விதையில்லாமல் துண்டு நட்டு வளர்க்கும் தேயிலைக் கன்றுக்கு, துண்டு வெட்டியவர். ஓர் இலை, விரலளவு தண்டு, அவ்வளவுதான். முழுச் செடியாகிப் பூத்துக் காய்க்கும். தேயிலை தன் சந்ததிக்கென்று கலங்களை முன்கூட்டியே ஒதுக்குவதில்லை, மீன் முதல் நாளிலேயே ஒதுக்கிவிடுகிறது என்று அவரிடம் சொன்னேன். “எல்லா உயிருக்கும் தாய் குடுத்ததுதானா?” என்று கேட்டார். இல்லை. எலியில் பக்கத்துக் கலங்களின் சமிக்ஞை வந்த பிறகே எவை மூலவுயிர்க் கலங்கள் என்பது தீர்மானமாகிறது. ஆய்வாளர்கள் பல காலம் மல்லுக்கட்டிய கேள்வி அது. அதைக் கேட்ட அம்மா ஐந்தாம் வகுப்போடு மலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர்.

‘தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு’ என்று மாமா சொல்லட்டும். நீ ஏன் அதைச் சுமந்துகொண்டு என்னிடம் வருகிறாய்? நர்சிங் நல்ல படிப்பு. ஆசையிருந்தால் போ, அவருக்குப் பயந்து போகாதே.

அப்புறம், மூலவுயிர்க் கலம் இல்லாத சீப்ரா மீன்கள் அத்தனையும் ஆணாகவே வளர்கின்றன. ஏனென்று யோசித்து அடுத்த கடிதத்தில் எழுது.