கார்பனுக்கு விலை வைத்தால் காலநிலை மாற்றம் குறையுமா, அல்லது அது சாமானியர் தலையில் இன்னொரு வரிதானா?

பெட்ரோல் விலையை நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், கனடா வந்து 26 வருடம். இந்தக் கார்பன் விலையை நாங்கள் காபன் வரி என்றுதான் சொல்லுவோம், அப்படியே எழுதுகிறேன். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2019 ஏப்ரல் 1 தொடங்கி 2025 மார்ச் கடைசி வரை ஆறு வருடம் அந்த வரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது சுமையாக இருக்கவில்லை, கட்டியதைவிடக் கூடத்தான் திரும்பி வந்தது. இப்படிச் சொன்னால் உடனே, வரியைக் கொண்டுவந்த கட்சியை வைத்து, "இவ லிபரல்காரி" என்பார்கள். நான் எந்தக் கட்சிக்கும் வேலை செய்ததில்லை, பொருளாதாரம் படித்தவளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரலில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் முகாமில் உட்காருகிறேன். யாருக்கு எவ்வளவு வந்தது என்பதைப் படிவத்தில் பார்த்தவள் என்ற அளவில் பேச எனக்கு உரிமை உண்டு.

முதலில் அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தொன் கரியமில வாயுவுக்கு 2019இல் 20 டொலர், 2024இல் 80 டொலர். பெற்றோல் லீற்றருக்கு அது முதலில் 4.4 சதம், கடைசியில் 17.6 சதம். இப்படிச் சேர்ந்த காசில் 90 வீதத்தை மத்திய அரசு வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தது. எவ்வளவு எரித்தீர்கள் என்று பார்க்காமல், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்துக் கொடுத்தது. முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. இரண்டு கார் வைத்து பெரிய வீட்டைச் சூடாக்குபவருக்கும், பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிற நாலு பேர் குடும்பத்துக்கும் ஒரே காசு. அப்படியென்றால் குறைய எரிப்பவருக்குத்தானே இலாபம்?

இப்போது என் அத்தான் கதை. 2024 ஏப்ரல் முதல் வாரம், வரி 65இலிருந்து 80 டொலருக்கு ஏறிய அதே வாரம், அக்கா மகனின் பிறந்தநாள். சாப்பாடு முடியவில்லை, அத்தான் தொடங்கிவிட்டார். "பிள்ளை, நான் உழைக்கிற காசெல்லாம் உந்தக் காபன் வரிக்குத்தான் போகுது. எனக்கு இண்டைக்கு வரைக்கும் ஒரு சதம் திரும்பி வரேல்லை." அவர் மார்க்கம் நகரிலிருந்து மிசிசாகா வரை கார் ஓடுகிறவர், அவருடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வரவில்லை என்பதை என்னால் விட முடியவில்லை. "அக்கா, உங்கட பாங்க் கணக்கைத் திறவுங்கோ" என்றேன். ஜனவரி 15ஆம் திகதி 244 டொலர் இருந்தது. அதற்கு முந்தைய ஒக்ரோபர் 13இலும் 244. கணவன் மனைவி இருவரில் யாருடைய வரிப் படிவம் முதலில் பார்க்கப்படுகிறதோ அவருக்குத்தான் முழுக் குடும்பத்துக் காசும் போகும், அக்கா எப்போதும் முந்திப் போடுகிறவ. அக்கா அதை அரசு பிள்ளைகளுக்குத் தரும் பிள்ளைக் காசு என்று நினைத்து மகளின் பரதநாட்டிய வகுப்புக்குக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறா. கணக்கில் விழுந்த பெயரைப் பார்த்து அது காபன் வரிக் காசு என்று நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அப்புறம் அதே மேசையில் கடதாசி எடுத்து அந்த வருடத்துக்கான கணக்கைப் போட்டோம். காருக்கு வருடம் 2,400 லீற்றர், 17.61 சதப்படி 423 டொலர். வீட்டுச் சூட்டுக்கான எரிவாயு 2,400 கன மீற்றர், 15.25 சதப்படி 366 டொலர். இரண்டும் 789. அந்த வரிக்கு மேலேயும் 13 வீத விற்பனை வரி போட்டார்கள், அது எனக்கும் பிடிக்காத விஷயம், சேர்த்தால் 891. திரும்பி வரப் போவது நாலு தவணை, ஒவ்வொன்றும் 280, மொத்தம் 1,120. அத்தான் விடவில்லை. "மரக்கறி ஏத்தி வாற லொறிக்கும் டீசல்தானே?" சரி, அது நியாயமான கேள்வி. மிச்சம் இருந்த 229 டொலரில் ஒரு பகுதி அப்படிப் போயிருக்கும். பாராளுமன்ற வரவுசெலவு அலுவலர் வீடுகளுக்கு நட்டம் என்று சொன்னாரே என்று இங்கே யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். பொருளாதாரப் பாதிப்பைக் கூட்டிப் போட்ட அந்தக் கணக்கில் தொழிற்சாலைகளுக்கான வரியும் தவறிச் சேர்ந்துவிட்டது என்று 2024இல் அந்த அலுவலகமே ஒத்துக்கொண்டது.

எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாத விஷயம், வரியைக் காட்டிய அளவுக்குத் திரும்பி வந்ததை யாரும் காட்டவில்லை என்பதுதான். 2019இல் ஒன்ராறியோ அரசு ஒவ்வொரு பெற்றோல் பம்பிலும் லீற்றருக்கு 4.4 சதம் என்று ஸ்டிக்கர் ஒட்ட வைத்தது. திருப்பிக் கொடுக்கும் காசைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2020இல் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது, ஆனால் அதற்குள் எல்லாருடைய மனதிலும் அது பதிந்துவிட்டது. மத்திய அரசும் சரியில்லை. முதலில் வருடாந்த வரிப் படிவத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள், 2022 யூலையில்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள், விளங்குகிற பெயர் வைத்ததே 2024இல். போதாக்குறைக்கு 2023 ஒக்ரோபரில் எண்ணெயால் வீடு சூடாக்குபவர்களுக்கு மட்டும் மூன்று வருட விலக்கு. அது பெரும்பாலும் அத்திலாந்திக் மாகாணத்தவர்களுக்குத்தான் உதவியது. "அப்ப எங்கட எரிவாயுவுக்கு?" என்று முகாமில் ஒரு ஐயா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது பெரிய குறை, படிவம் போடாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. வருமானம் இல்லாததால் படிவம் தேவையில்லை என்று நினைத்து வருடக் கணக்காக விட்ட வயதானவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு அந்தக் காசு அதிகம் தேவையோ அவர்களேதான்.

வயதானவர்கள் என்றதும் இதையும் சொல்லத்தான் வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர், தனியாக இருக்கிறவர். கதவைத் தட்டி வந்த ஒருவன் "காபன் வரி ஏறப் போகுது, உங்கட பழைய பர்னஸை இப்பவே மாத்துங்கோ" என்று, வீட்டைச் சூடாக்கும் அந்த இயந்திரத்துக்குத் தமிழிலேயே பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான். ஒன்ராறியோவில் 2018 மார்ச்சிலிருந்து அப்படி வாசலில் வந்து பர்னஸ் விற்கவே கூடாது. அது வாடகை ஒப்பந்தம் என்பதும், வீட்டுப் பத்திரத்திலேயே அதைக் கடன் பொறுப்பாக எழுதியிருக்கிறார்கள் என்பதும் மாமி வீட்டை விற்கப் போனபோதுதான் தெரிந்தது. அப்படிப் பதிவதை 2024 யூனில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், மாமி அதற்கு முன்னமே காசைக் கட்டி முடித்திருந்தார். உங்கள் அம்மா அப்பா தனியாக இருந்தால் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

சரி, புகை குறைந்ததா என்பதற்கு வருகிறேன். நாட்டுக் கணக்கு சொல்ல நான் ஆள் இல்லை, என் வீட்டைச் சொல்கிறேன். 2022இல் பர்னஸ் பழுதானபோது 2030இல் ஒரு தொன் 170 டொலராகும் என்று அரசு அறிவித்திருந்ததால்தான் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் கணக்கையே பார்த்தோம், அரசின் உதவிப் பணமும் இருந்ததால் மாற்றினோம். விலை நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். சுவீடனில் 1991இலிருந்து இந்த வரி இருக்கிறது, அங்கே மக்கள் அதை வைத்துத் திட்டமிட முடிகிறது. இங்கே 2025 மார்ச்சில் மார்க் கார்னி பிரதமரான அன்றே வீடுகளுக்கான வரியைப் பூச்சியமாக்கிக் கையெழுத்து வைத்தார். பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது, அது நல்லது.

ஏப்ரல் 1ஆம் திகதி பெற்றோல் விலை இறங்கியது உண்மை, அத்தான் சந்தோஷமாகப் படம் எடுத்து அனுப்பினார். கடைசித் தவணை ஏப்ரல் 22. யூலை 15 தாண்டி இரண்டு நாள் கழித்து அக்கா போன் எடுத்தா: "இந்த முறை காசு விழேல்லை, நடன வகுப்புக்குக் கட்ட வேணும், ஒருக்கா என்னெண்டு பாத்துச் சொல்லு." வரியோடு அதுவும் போய்விட்டது அக்கா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அத்தானிடம் நீயே சொல்லு என்று போனைக் கொடுத்துவிட்டா.