முட்சுறா: கேள்வியும் பதிலும்

கேள்வி (மூக்கையூர்): ஆழ்கடல் தூண்டில் படகில் உடம்பெங்கும் முள்ளுள்ள சுறா ஒன்று வந்தது. சுமார் 500 மீட்டர் ஆழத்தில் பிடித்ததாம். முதுகுத் துடுப்புகள் இரண்டும் வாலருகே இருந்தன. அது என்ன?

பதில்: ஆழத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி, பலர் அதை எழுதுவதே இல்லை. நீங்கள் கண்டது முட்சுறாவாகவே இருக்க வேண்டும். அறிவியலில் எக்கினோரைனஸ் புரூக்கஸ் என்பார்கள். வயிற்றடியில் குதத்துடுப்பு இல்லையென்றால் ஐயமே வேண்டாம். சட்டைப் பொத்தான் போன்ற வட்ட அடியின் நடுவே ஒரு முள் நிற்பதும், சில இடங்களில் அவ்வடிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகிவிடுவதும் இதன் அடையாளம். பசிபிக் கடலில் வாழும் இதன் ஒரே உறவினத்துக்கு முட்கள் மிகச் சிறியவை, ஒட்டுவதுமில்லை. மூன்று மீட்டர் வரை வளரும் இச்சுறா, முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டிகளாக ஈனும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அருகிவரும் இனம்.

கேள்வி (பாம்பன்): ஈரலுக்கு மட்டும் ஏன் விலை?

பதில்: சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. நீரைவிட எடை குறைந்த ஈரல் எண்ணெய்தான் ஆழத்தில் அதை மூழ்காமல் தாங்குகிறது. அந்த எண்ணெயிலுள்ள ஸ்குவாலீன் அழகுசாதனப் பொருள்களுக்குப் பயன்படுவதால் விலை கிடைக்கிறது. அதைக் காய்ச்சி வீட்டு மருந்தாகக் குடிக்காதீர்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): பிள்ளை பெற்றவளுக்கு இதில் புட்டு செய்யலாமா?

பதில்: நம் வீடுகளில் அதற்குப் பால்சுறாதான் வழக்கம். பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்வதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (தொண்டி): ஆழ்கடல் மீன் என்கிறீர்கள். என் தாத்தா வடகடலில் (பாக் விரிகுடாவில்), கரைவலையிலேயே முட்சுறா பிடித்தவர்.

பதில்: தாத்தாவை மறுக்கவில்லை, பெயரைத்தான் மறுக்கிறேன். வடகடலின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. முட்சுறா பெரும்பாலும் 200 மீட்டருக்குக் கீழே வாழ்வது. அடிக்கடல் குளிர்நீர் மேலெழும் இடங்களில் அரிதாக அது மேலே வருவதுண்டு என்றாலும், வெதுவெதுப்பான வடகடல் அத்தகையதன்று. தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) கடலடி செங்குத்தாக ஆழத்தில் இறங்கும் கண்டச்சரிவு வரை போகும் படகுக்குக் கிடைப்பது கரைவலைக்குக் கிடைக்காது.

கேள்வி (ஏர்வாடி): படம் அனுப்பியுள்ளேன். இது முட்சுறாவா?

பதில்: ஆழம்? பிடித்த இடம்? துடுப்புகள் தெரியாத படத்தை வைத்துப் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி (கீழக்கரை): இதைப் பிடிப்பது குற்றமா?

பதில்: சட்டப் பட்டியல் மாறக்கூடியது, மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை உண்டு.

கேள்வி (தொண்டி, மீண்டும்): முள் இருந்தது உண்மை. கையைக் கிழித்த தழும்பைத் தாத்தா காட்டுவார்.

பதில்: முள்ளுள்ளதெல்லாம் சுறாவாகிவிடாது. உடல் வட்டமாக இருந்ததா, வாலில் கொட்டும் முள் இருந்ததா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (மண்டபம்): இதுவும் முட்சுறாவா? படம் இணைத்துள்ளேன்.

பதில்: ஏர்வாடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தொண்டி): அப்பத்தாவிடம் கேட்டேன். முறம் போல வட்டமாம். வாலில் கொட்டுமுள் இல்லையாம்.

பதில்: அப்படியானால் அது முள்ளுத் திருக்கை. ஆழம் குறைந்த மணலிலும் பவளச் சிதறலிலும் வாழ்வது. திருக்கைகளில் பலவற்றுக்குள்ள கொட்டுமுள் இதற்குக் கிடையாது, முதுகுதான் முள். அந்தத் தோலை முற்காலத்தில் வாள்பிடிக்குச் சுற்றினார்கள். தாத்தாவின் தழும்பு அதனால் வந்ததுதான்.