தி.நகர்த் தெருக்களுக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

சென்னை தி.நகரின் தெருப்பெயர்களுக்குப் பின்னால் என்ன கதை என்று கேட்டிருக்கிறீர்கள். தலபுராணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தெருவே கிடையாது, பெரிய ஏரிதான் கிடந்தது. 1920களில் அதைத் தூர்த்து மனை பிரித்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ஆளுங்கட்சி ஒரு நகரையே புதிதாகப் போட்டால் யார் பெயரை வைக்கும்?

1916இல் கட்சியைத் தொடங்கிய மூவரில் பிட்டி தியாகராயருக்கு நகரே போயிற்று. அந்தத் 'தி' அவர்தான். டி.எம். நாயருக்கு ஒரு சாலை, நடேசனாருக்கு ஒரு பூங்கா. 1921 முதல் 1926 வரை அரசுக்குத் தலைமை வகித்த பனகல் அரசருக்கு இன்னொரு பூங்கா. உஸ்மான் சாலைக்குரிய முகமது உஸ்மானும் அதே கட்சிக்காரர்தான். 1934இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார்.

என்னை ஏமாற்றியது பாண்டி பஜார். புதுச்சேரிச் சரக்கு விற்ற இடம் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் அப்படித்தான் அளந்துவிட்டேன். ஒருமுறை துணிக்கடைப் பையில் 'தியாகராய சாலை' என்ற விலாசத்தைப் பார்த்து, இது வேறு கிளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். பாண்டி என்பது நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனாராம். சௌந்தரபாண்டியன் பஜார் என்பதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து, கடைசியில் ஆளையே காணாமல் அடித்துவிட்டோம்.

வெள்ளைக்கார அதிகாரி போக் பெயரில் இருந்த தெற்கு போக் சாலை, சிவாஜி கணேசனின் வீடு அங்கே இருந்ததால் செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆயிற்று. அவ்வளவு நீளமாகச் சொல்லி யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. 'சிவாஜி வீட்டுத் தெரு' என்றால் போதும், ஆட்டோ திரும்பிவிடும்.

தூர்த்த ஏரிக்கும் ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்துக்குப் போனால் லேக் வியூ ரோடு வரும். நானும் நின்று பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வேட்டிதான் தெரிந்தது.