வட்டியில்லாத் தவணைக்கு வட்டி எங்கிருந்து வந்தது?

கேள்வி: சித்திரை லீவுக்கு எங்கும் போகவில்லை. ஒரு கிழமை வீட்டோடு இருந்து புத்தகம் வாசித்தோம், படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம். அதற்கென்று 180,000 ரூபா டிவி ஒன்றை 24 மாத வட்டியில்லாத் தவணையில் என் கார்டில் எடுத்தேன். தம்பிக்கும் அதே மாதிரி 120,000 ரூபா போன். பழைய பாக்கியோடு இப்போது பில்லில் 240,000 நிற்கிறது. இனி வரும் தவணைகள் வேறு. வட்டி வருடத்துக்கு 26 வீதம். குறைந்தபட்சத் தொகை 12,000 ரூபாவைத் தவறாமல் கட்டியும் கடன் கூடுகிறது. முயன்றால் 15,000 கட்டலாம். 200,000 ரூபா 8 வீத நிலையான வைப்பில் இருக்கிறது, தொட மனமில்லை. ஹெட்போன் ஒன்றை மூன்று தவணை ஆப்பில் எடுக்கலாமா?
- ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், லீவில் பிழையில்லை. நீங்கள் ‘தவறாமல்’ கட்டுகிற அந்தக் குறைந்தபட்சத் தொகையில்தான் பிழை.

வட்டியில்லை என்பது மாதப் பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்குத்தான். டிவிக்கு 7,500, போனுக்கு 5,000 என்று மாதாமாதம் பில்லில் ஏறுகிறது. ஏறியதைக் கட்டாமல் விட்டால் அதுவும் மற்றக் கார்ட் கடன் மாதிரித்தான், 26 வீதம். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நேற்று கார்டில் வாங்கிய பால்மாவுக்கும் இன்றைக்கு வட்டி ஓடும்.

மட்டுமட்டாகக் கணக்குப் பாருங்கள். 240,000க்கு மாத வட்டி 5,200. தவணை இரண்டும் 12,500. உள்ளே வருவது 17,700, நீங்கள் கட்டுவது 12,000. மாதம் 5,700 கூடத்தானே செய்யும்?

வைப்பு உங்களுக்கு மாதம் 1,330 ரூபா தருகிறது. அதே 200,000 கார்டில் 4,330 தின்கிறது. மாதம் 3,000 ரூபா கொடுத்து அந்த வைப்புப் பத்திரத்தை அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள். அதை உடைத்துக் கார்டுக்குக் கட்டுங்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், வெட்டட்டும். முதிர ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் வைப்பின் மேலேயே கடன் கேளுங்கள். கார்ட் வட்டிக்குக் கிட்டவும் வராது.

ஹெட்போன் வேண்டாம். மூன்றாகப் பிரித்தாலும் கடன் கடன்தான், பிந்தினால் தண்டப்பணமும் சேரும். இந்த ஆப்காரர்களின் விளம்பரத்தைப் பார்த்தால் ஏதோ சீதனம் தருகிற மாதிரி இருக்கிறது. பாட்டு ரேடியோவிலும் வரும். வாசிக்க மட்டக்களப்பு பொது நூலகம் இருக்கிறது. இணையத்தில் ‘நூலகம்’ தளத்தில் ஈழத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் சும்மா கிடக்கின்றன.

மறுகா, தம்பி. அவர் தன் தவணையைத் தருகிறாரா என்பதை நீங்கள் எழுதவேயில்லை. தருவதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வைப்பைக் கட்டியதும் மிச்சம் 40,000. அதன் வட்டியும் தவணைகளும் சேர்ந்து மாதம் 13,400 அளவில் வரும். உங்கள் 15,000 மட்டும் என்றால் இது தீர ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபடும். அவருடைய 5,000 சேர்ந்தால் ஆறு மாதம். இரண்டுக்கும் கார்டில் புதிதாக ஒரு சதமும் ஏறக்கூடாது. சம்பள நாளன்று அந்த 5,000 உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவருடைய வங்கியில் நிலையியற் கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள். முகம் கோணுவார். அப்படியானால் போனை விற்று, வருகிற காசைக் கார்டில் போடச் சொல்லுங்கள்.