முதல் கயாக் பயணம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: அடுத்த மாதம் முதல் தடவையாக ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் போகிறேன். பயிற்சியாளரோடு அரை நாள். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் அவர்களே தருகிறார்கள். உடுப்பு மட்டும் என் பொறுப்பு. கடைக்குப் போனால் வெட்சூட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இதில் எதை வாங்க வேண்டும்?

பதில்: காசு போட்டு வாங்க வேண்டியது, இப்போதைக்கு, ஒரு ஜோடி ஷூ மட்டும்தான். மற்றதை வீட்டு அலமாரியிலும் வாடகைக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் பயிற்சியாளருக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்கு வெயில் எப்படி இருக்கும் என்பதை விடுங்கள், தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். புதிதாக ஓட்டுபவர் கவிழாமல் கரை சேர்வது அபூர்வம். அதனால் உடுப்பைத் தண்ணீரை நினைத்துத்தான் எடுக்க வேண்டும். பனி உருகி வரும் ஆறும், அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீரும் கொளுத்தும் கோடையிலும் சில்லென்று இருக்கும். ஒரே வெப்பநிலையில் உள்ள காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னாலேயே விம்மும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து.

தண்ணீர் குளிர்ச்சி என்றால் வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்பு, வேண்டும். ஆனால் வாடகைக்கு எடுங்கள். கயாக்குக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தடிமனில், கையில்லாத, கால் முழுவதும் மூடும் மாதிரி போதும். கை இல்லாததால் துடுப்பு போடும்போது அக்குள் உராயாது. வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்று பலர் நினைக்கிறார்கள். விடும். உள்ளே புகுந்த மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும், சூடு வெளியேறாமல் நியோப்ரீன் என்ற அந்த ரப்பர் தடுக்கும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் உள்ளே வந்து போகும், போட்டும் பயனில்லை. போட்டுப் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்பு போடுவதுபோல் கையை வீசிப் பாருங்கள். மூச்சு தாராளமாக வர வேண்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பு என்றால் உடற்பயிற்சிக்குப் போடும் பாலியெஸ்டர் முழுக்கை டீசர்ட், சீக்கிரம் காயும் கால்சட்டை, காற்றடித்தால் மேலே போட ஒரு மெல்லிய மழை ஜாக்கெட். முழுக்கை வெயிலுக்கும் நல்லது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் முகவாய்க்கு அடியில்கூடச் சுட்டுவிடும். பருத்தி மட்டும் வேண்டாம். நான் முதல் தடவை ஜீன்ஸோடு போனவன். கவிழ்ந்து எழுந்த பிறகு அது காலில் கட்டிய ஈர மூட்டையாகிவிட்டது, கரையேறியும் ஒரு மணி நேரம் பல் தந்தியடித்தது. பருத்திச் சட்டையை மாற்றுடுப்புப் பையில் வையுங்கள். பயணம் முடிந்து துவட்டிக்கொண்ட பிறகு அதைவிட சுகமான துணி கிடையாது.

சரி, ஷூவுக்கு வருவோம். விரலும் குதிகாலும் மூடியிருக்க வேண்டும், அடிப்பாகம் ஈரப் பாறையில் வழுக்கக் கூடாது, நீந்தும்போது கழன்று போகக் கூடாது. ரப்பர் செருப்பு முதல் நிமிடத்திலேயே ஆற்றோடு போய்விடும். கனத்த மலையேற்ற பூட்ஸும் வேண்டாம்: கயாக்கின் மூக்குப் பக்கம் இடம் குறைவு, கால் உள்ளே மாட்டிக்கொள்ளும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் பழைய ஓட்டப்பந்தய ஷூ போதும், கயிற்று நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

கேள்வி: அவர்கள் தரும் லைஃப் ஜாக்கெட் எனக்குச் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் போடுங்கள். இடுப்பிலிருந்து ஆரம்பித்து மேலே ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பிறகு யாரையாவது தோள்பட்டைப் பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. வெட்கப்படாமல் வேறு கேளுங்கள்.

உள்ளே லேபிளில் பெரும்பாலும் 50 நியூட்டன் என்று இருக்கும், அதாவது சுமார் ஐந்து கிலோ தூக்குவிசை. குறைவாகத் தோன்றும், ஆனால் மனித உடம்பே பெரும்பாலும் மிதக்கக்கூடியது என்பதால் நீந்தத் தெரிந்தவருக்கு இது போதும். நினைவிழந்தவரைத் திருப்பி முகத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு இது செய்யப்பட்டதல்ல. நீச்சல் தெரியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழுந்தவுடன் காற்று நிரப்பிக்கொள்ளும் ரகம் பாறை ஆற்றுக்கு ஒத்துவராது.

கேள்வி: என்னிடம் நல்ல சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் ஒரே ஒரு பலத்த அடியைத் தாங்கி உடைவதற்காகச் செய்யப்படுவது. ஆற்றில் தலை அடுத்தடுத்துப் பல கற்களில் படலாம். ஈஎன் 1385 என்ற தரக்குறி உள்ள ஹெல்மெட்டை அவர்களிடமே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நெற்றி மூடியிருக்கட்டும்.

கேள்வி: இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் போட்டால், கவிழ்ந்ததும் உள்ளேயே மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது, தீர்வும் எளிது. முன்பக்கம் ஒரு இழுப்பு வளையம் இருக்கும். போட்டு முடித்ததும் அது வெளியே தொங்குகிறதா என்று நீங்களும் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரும் பார்க்கட்டும். உள்ளே மடிந்துவிட்டால்தான் பிரச்சினை. கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இழுத்துக் கழற்றிப் பழகுங்கள். அமைதியான ஆறு என்றால் முதல் நாள் அது இல்லாமலே ஓட்டலாமா என்றும் கேட்கலாம். சொந்தமாக வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், ஒவ்வொரு கயாக்கின் வாய் அளவும் வேறு.

கேள்வி: கண்ணாடி, போன், கார் சாவி?

பதில்: கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் பட்டி, மற்ற இரண்டுக்கும் ட்ரை பேக் என்ற தண்ணீர் புகாத பை. அதன் வாயைக் குறைந்தது மூன்று சுருட்டு சுருட்டிப் பூட்டுங்கள். நெடுநேரம் மூழ்கிக் கிடந்தால் அதுவும் கசியும், எனவே போனை இன்னொரு உறையில் போட்டு உள்ளே வையுங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பிடித்துப்போய்த் தொடர்ந்தால், அடுத்து எதை வாங்குவது? பழைய பொருள் வாங்கலாமா?

பதில்: முதலில் லைஃப் ஜாக்கெட், அடுத்து ஹெல்மெட், இரண்டும் புதிது. பழைய ஜாக்கெட்டில் துணி வெளிறியிருந்தால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம். பழைய ஹெல்மெட் எத்தனை அடி வாங்கியது என்று விற்பவர் சொல்லமாட்டார். வெட்சூட் பழையதாகக் கிடைத்தால் முழங்காலையும் தையலையும் பார்த்துவிட்டு வாங்கலாம். துடுப்பு என்றால் ஆற்றுக் கயாக்குக்குச் சுமார் 190 முதல் 200 சென்டிமீட்டர். ஏரியில் ஓட்டும் நீளத் துடுப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கயாக்கைக் கடைசியாக வாங்குங்கள், அதைப் பழையதாகவே வாங்கலாம். பிளாஸ்டிக் கயாக்கில் கீறல் சகஜம். திருப்பிப் போட்டு, இருக்கைக்கு நேர் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட அங்கே அதிகமாக அமுங்கினாலோ விரிசல் தெரிந்தாலோ பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.